நூலக அலமாரியும் நம் பிள்ளைகளும்



பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளையின் பையில், நூலகத்திலிருந்து இரவல் வாங்கிவந்த நூல் ஒன்று இருக்கிறது. தாய் அதை எடுத்துப் புரட்டுகிறாள். நடுவில் ஒரு பக்கம் அவள் கண்ணை உறுத்துகிறது. தந்தை வீடு திரும்பியதும் அவரிடம் காட்டுகிறாள். இப்படியொரு புத்தகத்தை நூலகத்தில் எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று இருவரும் வருந்துகிறார்கள். இந்த வருத்தம் நியாயமானதே. பிள்ளைகளின் உள்ளத்திற்கு முதற் காவலராக இறைவன் நியமித்திருப்பது பெற்றோரை. காவலர் கண்ணுறங்கலாகாது.

ஆனால், அந்த வருத்தத்திலிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. பிள்ளையை அருகில் அமர்த்தி, "இது இப்போது உனக்கு வேண்டாம்" என்று காரணத்தோடு எடுத்துரைத்து, நூலைத் திருப்பிக் கொடுக்கச் செய்வது ஒரு வழி. நூலகத்துக்கே சென்று, "இதை எவர் வீட்டுப் பிள்ளையும் படிக்கலாகாது, அலமாரியிலிருந்தே அகற்றிவிடுங்கள்" என்று கோருவது மற்றொரு வழி. முதலாவது பெற்றோரின் கடமை என்பதில் ஐயமில்லை. இரண்டாவதும் அதே கடமையின் தொடர்ச்சிதானா? இம்மாதம் இதைப் பற்றி நாம் சற்றே சிந்திப்போம்.

இக்கேள்வி பல நாடுகளில் எழுந்திருப்பினும், மிக வெளிப்படையாக விவாதிக்கப்பட்டிருப்பது அமெரிக்க நாட்டிலே. அங்கே பொது நூலகங்கள் மக்களின் வரிப்பணத்தில் நடப்பவை. ஆகவே, "என் பணத்தில் இந்த நூலை ஏன் வாங்கினீர்கள்?" என்று கேட்கக் குடிமக்கள் தயங்குவதில்லை. அந்த ஆட்சேபங்கள் எழுத்தில் பெறப்பட்டு, பொதுக் கூட்டங்களில் பேசப்பட்டு, சில வேளைகளில் உச்ச நீதிமன்றம் வரையிலும் சென்றிருக்கின்றன. அந்த அனுபவத்திலிருந்து நம் இல்லங்களும் கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு.

கெர்ன் மாவட்டத்தில் நடந்தது

1939-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜான் ஸ்டைன்பெக் என்னும் எழுத்தாளர் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' என்ற நாவலை வெளியிட்டார். சினத்தின் திராட்சைக் கனிகள் என்பது அத்தலைப்பின் பொருள். வறட்சியாலும் புழுதிப் புயலாலும் நிலத்தை இழந்த ஒக்லஹோமா மாநிலத்துக் குத்தகை உழவர் குடும்பம் ஒன்று, பழைய மோட்டார் வண்டி ஒன்றில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, பிழைப்புத் தேடிக் கலிபோர்னியாவுக்குப் போகிறது. அங்கே வேலை குறைவு. வேலை தேடி வந்தவர்களோ ஏராளம். கூலி குறைக்கப்படுகிறது. பிள்ளைகள் பசியால் வாடுகிறார்கள். இதுவே கதை.

இக்குடும்பம் சென்று சேரும் இடங்களில் ஒன்று கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டம். அம்மாவட்டத்து ஆட்சிக் குழுவினருக்கு இந்நூல் பெருஞ்சினத்தை மூட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில், நான்குக்கு ஒன்று என்ற வாக்குக் கணக்கில், மாவட்ட நூலகங்களிலும் பள்ளிகளிலும் அந்நூலுக்குத் தடை விதித்தார்கள். நூலின் மொழி ஆபாசமானது என்பது ஒரு காரணம். மாவட்டத்தைப் பொய்யாகத் தூற்றுகிறது என்பது மற்றொரு காரணம். நாவலில் கொச்சைச் சொற்கள் இருப்பது உண்மையே. ஆயினும் தடையை உரக்க ஆதரித்தவர்களுள் முன்னின்றவர்கள் பெருநிலக்கிழார்கள் என்பதையும் மறத்தலாகாது. எந்தப் பக்கம் அவர்களை உண்மையில் சுட்டது? கொச்சைச் சொல் இருந்த பக்கமா, கூலி குறைக்கப்பட்ட பக்கமா? தொழிலாளியின் நியாயமான கூலியைப் பற்றி 1891-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரிடமிருந்து சுற்றுமடல் பெற்ற நமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று.

பேக்கர்ஸ்ஃபீல்டு நகரில் புகைப்படக் கருவியின் முன்னிலையில் அந்நூலின் பிரதி ஒன்று கொளுத்தப்பட்டது. கொளுத்தியவர் ஒரு பண்ணைத் தொழிலாளி. அவர் அப்போது அதைப் படித்திருக்கவில்லை. பல்லாண்டுகள் கழித்து, முதுமையில், அதை அவருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். படித்து முடித்த பின்னரும், கொளுத்தியதற்காகத் தாம் வருந்தவில்லை என்றே அவர் கூறினார். நூலை வெறுக்க அவருக்கு உரிமை உண்டு; அந்த உரிமையை எவரும் பறிக்கவில்லை. ஆனால் 1939-இல் அந்த மாவட்டத்து மற்ற வாசகர்கள் படித்துப் பார்த்துத் தாமே முடிவு செய்யும் உரிமையை இழந்திருந்தார்கள்.

மாவட்ட நூலகராக இருந்த கிரெட்சன் நீஃப் என்னும் பெண்மணி ஆட்சிக் குழுவினருக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்களே அவர்கள். இன்று ஒரு நூலைத் தடுத்தால் நாளை எந்த நூல், அதற்கு மறுநாள் எந்தக் கூட்டத்தார் எதைத் தடுக்கச் சொல்வார்கள் என்று அவர் அதில் வினவினார். ஐரோப்பாவில் அந்நாளில் நடந்துகொண்டிருந்ததையும் நினைவூட்டினார். நூலைத் தடுத்துவிடுவதால் கருத்து இறந்துவிடாது என்றும் எழுதினார். பணிவோடும் தெளிவோடும் எழுதப்பட்ட அக்கடிதம் அப்போது பயன் தரவில்லை. 1941 ஜனவரியில்தான் தடை நீங்கியது. அதற்குள் அந்நாவல் 1940-ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசைப் பெற்றுவிட்டது. 1962-இல் ஸ்டைன்பெக் நோபல் பரிசும் பெற்றார்.

நூலகத்தார் வகுத்த வழி

அந்த நாட்களில் நூலகர்கள் தமக்கென ஒரு நெறியை வகுத்துக்கொண்டார்கள். அயோவா மாநிலத்தின் டி மாயின் நகர நூலகத்தை நடத்திவந்த ஃபாரஸ்ட் ஸ்பால்டிங் என்பவர் 1938-இல் ஓர் உரிமைச் சாசனம் எழுதினார். அதைத் தழுவி 1939 ஜூனில் அமெரிக்க நூலகச் சங்கம் 'நூலக உரிமைச் சாசனம்' ஒன்றை ஏற்றது. எழுதியவரின் இனம், நாடு, அரசியல் கருத்து, சமயக் கருத்து ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு நூல்களைத் தேர்ந்தெடுக்கலாகாது. ஒரு பொருளைப் பற்றிப் பல தரப்பினரும் எழுதியவற்றுக்கு இயன்றவரை இடமளிக்க வேண்டும் என்பன அதன் அடிப்படைக் கருத்துகள். பின்னர் 1953-இல், நூல் வெளியீட்டாளர்களோடு சேர்ந்து, வாசிக்கும் சுதந்திரத்தைப் பற்றிய அறிக்கை ஒன்றையும் அச்சங்கம் வெளியிட்டது.

நூலகர்கள் வெறும் அறிக்கையோடு நின்றுவிட்டிருந்தால் அதனால் பெரும் பயன் விளைந்திராது. குறை கூற வருபவரை எப்படி நடத்துவது என்பதற்கும் ஒரு முறையை அமைத்தார்கள். நமக்கு இதுவே எல்லாவற்றிலும் அதிகமாகப் பிடித்திருக்கிறது.

ஆட்சேபத்தோடு வருபவரை நூலகர் முதலில் பொறுமையாகக் கேட்கிறார். பல வேளைகளில் பேச்சிலேயே மனம் ஆறிவிடுகிறது. ஆறாதவருக்கு ஒரு படிவம் கொடுக்கப்படுகிறது. அதில் வழக்கமாக உள்ள வினாக்கள் இவை: நூலை முழுவதும் படித்தீர்களா? எந்தப் பகுதி தவறு என்று கருதுகிறீர்கள்? நூலின் மொத்த நோக்கம் என்னவென்று எண்ணுகிறீர்கள்? இதே பொருளில் இதைவிட நல்ல நூல் ஒன்றைச் சொல்வீர்களா? நூலகம் என்ன செய்யவேண்டும் என்று விரும்புகிறீர்கள்?

படிவம் வந்தபின், ஒரு சிறு குழுவினர் நூலை முதலிலிருந்து கடைசி வரை படிக்கிறார்கள். தகுதியுடையோர் எழுதிய மதிப்புரைகளைப் பார்க்கிறார்கள். நூல்களைத் தேர்ந்தெடுப்பதற்கு நூலகம் எழுதி வைத்திருக்கும் விதிகளோடு ஒப்பிடுகிறார்கள். அதுவரையில் நூல் அலமாரியிலேயே இருக்கவேண்டும் என்பது அவர்கள் நெறி. விசாரணை முடியுமுன் தண்டனை இல்லை அன்றோ? இறுதியில் முடிவைக் காரணத்தோடு எழுத்தில் தருகிறார்கள். அதிலும் நிறைவு பெறாதவர் நூலக ஆட்சிக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நூலை வைத்திருக்கவே எப்போதும் முடிவாகும் என்பதில்லை. குழந்தைகள் பகுதியில் தவறாக வைக்கப்பட்ட நூலைப் பெரியவர்கள் பகுதிக்கு மாற்றுவதும் உண்டு. நூலகரும் மனிதரே, அவரும் தவறலாம். எனவே ஆட்சேபம் தெரிவிப்பவர் யாவரும் அறிவின் பகைவர் என்று எண்ணுவதும் அநீதியாகும். ஆட்சேபிப்பவருக்கும் நூலுக்கும் ஒருங்கே நீதி கிடைக்கச் செய்வதே இம்முறையின் சிறப்பு. ஒரு மனிதனைக் கேளாமல் தீர்ப்பிடுவது முறையாகுமா என்று நிக்கதேம் தம்மோடிருந்த பரிசேயரிடம் வினவினாரே, அந்த வினாவை நூலகத்தார் நூலின் பொருட்டு எழுப்புகிறார்கள் என்று நாம் கொள்ளலாம்.

இந்நெறியைக் காத்தவர்கள் விலையும் கொடுத்திருக்கிறார்கள். ஒக்லஹோமாவின் பார்ட்டில்ஸ்வில் நகரில் முப்பது ஆண்டுகள் நூலகராயிருந்த ரூத் பிரவுன் அம்மையார் 1950 ஜூலையில் வேலை நீக்கம் செய்யப்பட்டார். நூலகத்தில் அவர் வைத்திருந்த சில அரசியல் வார இதழ்களும் சோவியத் நாட்டைப் பற்றிய இதழ் ஒன்றும் குற்றமாகக் காட்டப்பட்டன. ஆனால் அவ்வாண்டுத் தொடக்கத்தில் அவர் கறுப்பினத்து ஆசிரியைகள் இருவரோடு ஒரு கடைக்குச் சென்று, அவர்களுக்கும் உணவு பரிமாறுமாறு கேட்டிருந்தார். ஊராரின் சினத்துக்கு மெய்யான காரணம் அதுவே. நூலின் மீது எய்யப்படும் அம்பு சில வேளைகளில் வேறொன்றைக் குறிவைத்ததாக இருக்கும்.

பெற்றோரின் உரிமை

"அப்படியானால் பெற்றோரின் உரிமை எங்கே?" என்று வாசகர்கள் கேட்கலாம். பெற்றோரின் இடத்தை எடுத்துக்கொள்ள நூலகத்தார் விரும்புவதில்லை. தம் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று வழிகாட்டும் உரிமையும் பொறுப்பும் பெற்றோருக்கே உரியவை என்று அவர்களுடைய சங்கம் தெளிவாகவே கூறுகிறது. தம் பிள்ளைக்கு மட்டுமே, மற்றவர் பிள்ளைக்கு அன்று என்ற ஒரு வரம்பையும் சேர்த்துக் கூறுகிறது.

இவ்வுரிமையை அமெரிக்காவில் நிலைநாட்டியதில் கத்தோலிக்கருக்குப் பெரும் பங்கு உண்டு. 1922-இல் ஒரிகன் மாநில மக்கள் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் எல்லாரும் அரசுப் பள்ளிக்கே செல்லவேண்டும் என்பது அச்சட்டம். கத்தோலிக்கப் பள்ளிகளை மூடச் செய்யும் எண்ணம் அதன் பின்னே இருந்தது. கு கிளக்ஸ் கிளான் என்னும் வெறியர் கூட்டம் அதை ஆதரித்தது. இயேசு மரியின் திருநாமங்களின் சபைக் கன்னியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பிள்ளைகளின் வளர்ப்பையும் கல்வியையும் நெறிப்படுத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அதை நியாயமின்றி அரசு பறிக்க முடியாது என்று 1925 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதனால் கன்னியர்களின் பள்ளிகள் பிழைத்தன.

இத்தீர்ப்பு நமக்குச் சொல்வது யாது? பெரும்பான்மையோர் வாக்களித்துவிட்டார்கள் என்பதற்காக, எல்லார் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்க்க இயலாது. அந்தப் பாதுகாப்பை நாம் சிறுபான்மையாக இருந்த இடத்தில் கேட்டுப் பெற்றோம். நாம் பெரும்பான்மையாக இருக்கும் ஊரில், அடுத்த வீட்டுப் பெற்றோருக்கு அதை மறுப்பது எப்படித் தகும்?

அளவை நம் பக்கம் திரும்பியபோது

இதை மேலும் விளக்கும் நிகழ்ச்சி ஒன்று 2023-இல் யூட்டா மாநிலத்தில் நடந்தது. பள்ளிகளில் ஆபாசமான நூல்கள் இருத்தலாகாது என்று அம்மாநிலத்தில் 2022-இல் ஒரு சட்டம் ஏற்பட்டது. அதைக் கொண்டு பலர் பல நூல்களின் மீது ஆட்சேபம் கொடுத்தார்கள். இதனால் வெறுப்படைந்த ஒருவர், டேவிஸ் பள்ளி வட்டாரத்தில், திருவிவிலியத்தின் மீதே ஆட்சேபம் கொடுத்துவிட்டார். அதிலும் முறைகேடான உறவுகளும் வன்முறையும் சொல்லப்பட்டிருக்கின்றனவே என்பது அவர் வாதம். ஆய்வுக் குழு சிறுவர் பள்ளிகளிலிருந்தும் நடுநிலைப் பள்ளிகளிலிருந்தும் விவிலியத்தை அகற்றியது. பெற்றோர் பலர் கொதித்தெழுந்தார்கள். மேல்முறையீட்டுக்குப் பின், அதே ஆண்டு ஜூன் மாதத்தில், பள்ளிக் குழு அதைத் திரும்ப வைத்தது.

தாவீதின் பாவத்தைக் கூறும் பக்கத்தை மட்டும் கிழித்துக் காட்டினால் திருநூலும் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். முழுவதும் படிப்பவனுக்கே தாவீதின் கண்ணீரும் தெரியும். பிறர் நூலை ஒரு பக்கத்தைக் கொண்டு அளக்கிறவர்கள், தம் நூலும் அதே அளவையால் அளக்கப்படும்போது அதிர்ச்சியடைவதில் பொருளில்லை. அளவையைப் பற்றி ஆண்டவர் மலைப்பொழிவில் எச்சரித்திருப்பதை நாம் அறிவோம்.

நம் சொந்த அனுபவம்

நூல்களைத் தடுப்பதில் திருச்சபைக்கும் நீண்ட அனுபவம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. திருத்தந்தை நான்காம் சின்னப்பர் காலத்தில், 1559-இல், விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் உரோமையில் வெளியாயிற்று. விசுவாசிகளைத் தப்பறைகளிலிருந்து காக்க வேண்டும் என்ற அக்கறையே அதற்குக் காரணம். நானூறு ஆண்டுகளுக்கு மேல் அது நிலைத்திருந்தது. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் காலத்தில், 1966-இல், அதற்குத் திருச்சபைச் சட்டம் என்ற வலு இனி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. தீய நூலை விலக்கும் கடமை நீங்கவில்லை. அக்கடமை அவரவர் மனச்சான்றிடம் ஒப்படைக்கப்பட்டது.

அப்பட்டியலில் இருந்த நூல்களுள் ஒன்று விக்டர் ஹியூகோவின் 'லே மிசராப்ளா'. 1864 முதல் 1959 வரையில் அது விலக்கப்பட்டிருந்தது. தமிழில் கவியோகி சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' என்று தந்தார். 1950-இல் அது திரைப்படமாகவும் வந்தது. வெள்ளிச் சாமான்களைத் திருடிய கைதியை மன்னித்து, விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பிய ஆயரின் கதையைக் கேட்டு உருகாத நெஞ்சம் உண்டோ? விலக்கப்பட்ட அந்த நூலே ஆயர் ஒருவரின் இரக்கத்தை உலகெங்கும் கொண்டு சென்றது.

இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. இன்று நம் இல்லங்களில் பிற்பகல் மூன்று மணிக்குச் சொல்லப்படும் இறை இரக்கச் செபமாலை, போலந்து நாட்டுப் புனித பவுஸ்தினாவின் குறிப்பேட்டிலிருந்து வந்ததாகும். அவர் எழுதியவற்றையும், அவர் கூறிய முறையில் அப்பக்தியையும் பரப்பலாகாது என்று 1959-இல் உரோமை தடை விதித்தது. பிழை மலிந்த மொழிபெயர்ப்புகள் அங்கே சென்றிருந்ததே அதற்கு ஒரு முக்கிய காரணம். கிராக்கோவ் பேராயர் கரோல் வொய்த்திவா 1965-இல் ஆய்வு ஒன்றைத் தொடங்கிவைத்தார். மூல எழுத்து கவனமாகப் படிக்கப்பட்டது. 1978 ஏப்ரலில் தடை நீங்கியது. அதே ஆண்டு அப்பேராயர் இரண்டாம் அருள் சின்னப்பர் என்ற பெயரோடு திருத்தந்தையானார். 2000-இல் அந்தக் கன்னியைப் புனிதராக உயர்த்தினார்.

முழுவதும் படி, மூலத்தைப் படி, பின்னர் தீர்ப்பிடு என்ற நெறி இங்கும் வெற்றி பெற்றதைக் காண்கிறோம்.

இன்றைய நிலை

அமெரிக்காவில் இப்போராட்டம் இன்று தணிந்துவிடவில்லை. அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்குப்படி, 2023-இல் 4,240 வெவ்வேறு நூல்களின் மீது ஆட்சேபங்கள் எழுந்தன. அதுவரை கண்டிராத எண்ணிக்கை அது. 2024-இல் 2,452 நூல்களாகக் குறைந்தது. முன்னாளில் பெற்றோர் ஒருவர் தம் பிள்ளை கொண்டுவந்த ஒரு நூலைப் பற்றிக் குறை கூறுவார். இன்றோ யாரோ தொகுத்த பட்டியலைக் கையில் ஏந்தி, ஒரே மூச்சில் பல நூல்களை அகற்றக் கேட்பது பெருகிவிட்டது.

சட்டமும் ஒரே குரலில் பேசவில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஐலண்டு ட்ரீஸ் பள்ளிக் குழு, பட்டியல் ஒன்றைப் பார்த்து ஒன்பது நூல்களைப் பள்ளி நூலகத்திலிருந்து அகற்றியது. பெற்றோரும் ஆசிரியரும் அடங்கிய குழு அவற்றுள் சிலவற்றை வைத்திருக்கலாம் என்று சொல்லியும் அது கேட்கவில்லை. அவ்வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றத்தின் முதன்மைக் கருத்துரையை எழுதியவர் நீதிபதி வில்லியம் பிரென்னன். அந்நாளில் அம்மன்றத்தில் இருந்த ஒரே கத்தோலிக்கர். கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக நூலகத்திலிருந்து நூல்களை அகற்றலாகாது என்று அவர் எழுதினார். ஆனால் 2025 மே மாதத்தில், டெக்சஸ் உள்ளிட்ட மூன்று மாநிலங்களுக்குரிய மேல்முறையீட்டு நீதிமன்றம், பொது நூலகம் நூல்களை அகற்றுவதை எதிர்த்து வாசகர் வழக்காட முடியாது என்று தீர்ப்பளித்தது. இதற்கு நேர்மாறாக, இல்லினாய் மாநிலம் 2023-இல் இயற்றிய சட்டப்படி, நூலக உரிமைச் சாசனத்தையோ அதனையொத்த கொள்கையையோ ஏற்காத நூலகங்கள் மாநில நிதியுதவிக்குத் தகுதி இழக்கும். சட்டம் எப்பக்கம் சாய்ந்தாலும், அண்டை வீட்டார்மீது நாம் கொள்ளும் நியாய உணர்வைச் சட்டம் நமக்குத் தந்துவிட முடியாது.

நம் இல்லங்களுக்கு

பெற்றோரே, பிள்ளை கொண்டுவரும் நூலைப் பாருங்கள். பார்ப்பது உங்கள் கடமை. ஐயம் எழுந்தால், கடிந்துகொள்ளுமுன் நீங்களே ஓர் இரவு உட்கார்ந்து அதை முழுவதும் படியுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள். காரணம் சொல்லப்பட்ட பிள்ளை, நீங்கள் அருகில் இல்லாத நாளிலும் தேர்ந்தெடுக்கக் கற்றிருக்கும். ஒளித்து வைக்கப்பட்ட நூலையோ எந்தப் பிள்ளையும் தேடிப் பிடித்துவிடும்.

நூலகரிடம் குறை சொல்ல வேண்டியிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். எந்த நூல், எந்தப் பகுதி, என்ன காரணம் என்று பணிவோடு எழுதிக் கொடுங்கள். அதைவிட மேலாக, அலமாரியில் எந்த நல்ல நூல் இல்லை என்று பார்த்து, அதை வாங்கி வைக்கும்படி கேளுங்கள். ஒரு நூலை அகற்றக் கேட்கும் பத்துப் பேருக்கு, ஒரு நூலைச் சேர்க்கக் கேட்பவர் ஒருவராவது நம் பங்குகளில் உண்டா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.

வீட்டின் கதவுக்குத் திறவுகோல் பெற்றோர் கையில் இருக்கிறது. அதை விழிப்போடு பயன்படுத்துவோம். ஊர் நூலகத்தின் கதவோ எல்லார்க்கும் பொது. அதன் வழியாக நம் பிள்ளைகளும் வருகிறார்கள். நம்மைப் போலவே தம் பிள்ளைகளை நேசிக்கும் பிறருடைய பிள்ளைகளும் வருகிறார்கள். அக்கதவு திறந்தே இருக்கட்டும்.